பாட்டி கப்பல் ஏறலாமா?

நங்கநல்லூரில் ஒரு வீடு. கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர், அதற்குப் பக்கத்து ஆணியில் பாம்புப் பஞ்சாங்கம். சாப்பாட்டு மேசையில் மகனின் லேப்டாப் திறந்திருக்கிறது. திரையில் வெள்ளைவெளேரென்று ஒரு கப்பல். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு ராத்திரி வங்கக் கடலில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அதே துறைமுகத்தில் இறங்குகிற பயணம். போகிறவர்கள் ஐந்து பேர்: மகன், மருமகள், வங்கி வேலையில் ஓய்வுபெற்ற தாத்தா, முழங்கால் தேய்ந்த பாட்டி, ஏழு மாதப் பேரன்.

"நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ. நான் ஆத்துல இருக்கேன். கடல் தாண்டப்படாதுன்னு எங்கப்பா சொல்லுவார்" என்கிறார் பாட்டி.

"இது எங்கேயும் போகலைம்மா. சுத்திட்டு இங்கேயேதான் வரது" என்கிறான் மகன்.

தாத்தாவின் கவலை வேறு. பஞ்சாங்கத்தை இறக்கி, மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "ஆடியில அப்பா திதி வரது. பார்த்துத் தேதி போடு" என்கிறார்.

பெயர் சொல்ல வேண்டாத இந்த வீடு சென்னையின் எந்தத் தெருவிலும் இருக்கலாம். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. அதற்கு முன் சொகுசுக் கப்பல் என்றால் பெரும்பாலும் சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ போய்த்தான் ஏற வேண்டும். கப்பல் வாசலுக்கே வந்த பிறகு, ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய கேள்வி சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. பாட்டியின் மறுப்பை 'பழங்காலத்து மனுஷி' என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்கினால் அவருக்கும் நியாயம் கிடைக்காது, அவருடைய அப்பா எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்பதும் தெரியாமலே போய்விடும்.

தடை எங்கே இருக்கிறது என்று தேடிப்போனால் முதல் ஆச்சரியம் போதாயன தர்ம சூத்திரத்தில் காத்திருக்கிறது. வடக்கும் தெற்கும் எந்தெந்தப் பழக்கங்களில் மாறுபடுகின்றன என்று அந்த நூலின் தொடக்கத்திலேயே ஒரு பேச்சு வருகிறது. தென்னாட்டாரின் பழக்கமாக அது சொல்பவற்றில் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது ஒன்று, பழைய சோறு உண்பது ஒன்று. வடநாட்டாரின் பழக்கமாகச் சொல்வதில் கம்பளி வணிகம், மது, ஆயுதத் தொழில் இவற்றோடு கடலில் போவதும் சேர்ந்திருக்கிறது. ஒரு நாட்டு வழக்கத்தை இன்னொரு நாட்டில் செய்வதுதான் பிழை என்பது அங்கே எழுப்பப்படும் வாதம். கடல் சூழ்ந்த தெற்கைவிட வடக்கைத்தான் கடலோடிகளாக அந்த நூல் பார்த்திருக்கிறது!

அதே நூல் பின்னால் கண்டிப்பாகவும் பேசுகிறது. வருணத்திலிருந்து வீழ்த்தும் செயல்களின் பட்டியலில் கடற்பயணத்தை முதலில் வைக்கிறது. அதற்கான கழுவாய் கடுமையானது: நான்காவது வேளைக்கு ஒரு முறை மட்டும் கொஞ்சமாக உண்டு, நாளுக்கு மூன்று முறை நீராடி, பகலில் நின்றும் இரவில் உட்கார்ந்தும் மூன்று ஆண்டு கழிக்க வேண்டும். ஆனால் எது கடற்பயணம்? உரை எழுதிய கோவிந்தசுவாமி இந்த இடத்தில் ஒரு வரையறை தருகிறார். நாவாயில் வேறு தீவுக்கு, வேறு நிலத்துக்குப் போவதுதான் அது. அப்படியானால் சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்குகிற பயணம் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. "எங்கேயும் போகலைம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்ன மகன், தெரியாமலே ஓர் உரையாசிரியரின் பக்கம் நின்றிருக்கிறான்.

மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், சிராத்தத்தில் யாரை அழைத்து உட்கார வைக்கக் கூடாது என்று சொல்லுமிடத்தில் கடலோடியையும் சேர்க்கிறது. அதே நூலின் எட்டாம் அத்தியாயத்தில் கடல் வணிகம் தெரிந்தவர்கள் வட்டியைத் தீர்மானிக்கலாம் என்றிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணியிடம் ஓடத் துறையில் கூலி வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. கடலை வெறுத்த ஒருவர் எழுதியது போல இது இல்லை. துறைமுகத்தைக் கண்ணால் பார்த்த சமூகத்தின் நூல் இது. வாசல் முழுவதுமாக அடைபட்டது பிற்காலத்தில், கலியுகத்தில் கூடாதவை என்று ஒரு பட்டியல் தொகுக்கப்பட்டபோதுதான். இருபிறப்பாளர் கடல் கடப்பது அதில் ஏறியது. கழுவாய் செய்தாலும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்ற அளவுக்கு அது இறுகியது. பாட்டியின் அப்பா சொன்னது இந்தக் கடைசி வடிவத்தைத்தான்.

இங்கே ஒரு சிறு செய்தியையும் சொல்ல வேண்டும். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவரை ராமேசுவரத்துக்குப் போன ஒவ்வொரு யாத்ரிகரும் படகில் கடலைக் கடந்துதான் போனார். கடல் கடந்த பாவத்தைத் தொலைக்கக் கடல் கடந்து போன ஊர் அது. காசிக்குப் போய்விட்டு ராமேசுவரமும் போய்வந்த எத்தனையோ பாட்டிகளுக்கு உப்புக் காற்று புதிதாக இருந்திருக்காது.

பாலம் திறந்த மறு மாதம், 1914 மார்ச் 17 அன்று, சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் சீனிவாச ராமானுஜன் இருந்தார். அவர் கேம்பிரிட்ஜுக்குப் போகத் தயங்கிய கதை தமிழர்களுக்குத் தெரிந்ததே. நாமக்கல் நாமகிரித் தாயாரின் கோயிலில் மூன்று இரவு தங்கியதும், அம்மா கோமளத்தம்மாளின் கனவில் தாயார் வந்து மகனைத் தடுக்காதே என்றதும் பலமுறை எழுதப்பட்டிருக்கின்றன. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. புறப்படுவதற்குச் சில நாள் முன்பே அவர் அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் குடுமியை எடுத்தார். அவர்கள் கண்ணெதிரில் அது நடக்க வேண்டாம் என்று நினைத்தார். கடலின் மேல் கப்பல் நகர்வதற்கு முன்பே, எழும்பூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் அந்தக் குடும்பத்துக்குள் ஒரு கடல் விழுந்துவிட்டது. 1919இல் நோயோடு திரும்பினார். ராமேசுவரம் போய்க் கழுவாய் செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 26 அன்று 32 வயதில் இறந்தபோது, கடல் கடந்தவர் என்பதற்காக ஆசாரம் மிகுந்த உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

காந்தியின் கதையிலும் கரையில் நிற்பவர் ஓர் அம்மாதான். 1888 செப்டம்பர் 4 அன்று அவர் மும்பையிலிருந்து கப்பல் ஏறினார். அதற்குமுன் மோத் பனியா சாதிக்கூட்டம் அவரை விலக்கிவைத்தது. அவருக்கு உதவுகிறவர்களுக்கும் துறைமுகம்வரை வந்து வழியனுப்புகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று அறிவித்தது. வீட்டில் மனைவி கஸ்தூரிபா. கையில் பிறந்து அதிக நாளாகாத மகன். மதுவையும் புலாலையும் பெண்ணையும் தொடுவதில்லை என்று தாய் புத்லிபாயிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனார். 1891இல் திரும்பியபோது தாய் உயிரோடில்லை. மறைத்து வைத்திருந்த செய்தியை அண்ணன் அப்போதுதான் சொன்னார். பிறகு நாசிக்கில் தீர்த்தமாடினார், ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்து வைத்தார். விலக்கு நீக்க அவை போதுமானவையாக இருந்திருக்கலாம். அந்த மூன்று ஆண்டுகளில் பார்க்காமல் விட்ட முகத்தை எந்தத் தீர்த்தமும் திருப்பித் தரவில்லை.

ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மாதோ சிங் வேறு வழி கண்டுபிடித்தார். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போக வேண்டியிருந்தது. 'ஒலிம்பியா' என்ற புதுக் கப்பலை முழுதாக வாடகைக்குப் பிடித்தார். வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்த பிரமாண்டமான குடங்களில் கங்கை நீரை நிரப்பிக்கொண்டார். ஒரு குடம் 345 கிலோ எடை. 4,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். கப்பலுக்குள் கோபாலன் சந்நிதியும் வைத்துக்கொண்டார். அந்தக் குடங்களில் இரண்டு இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையில் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் வெள்ளியின் எடையைச் சொல்லி வியக்கிறார்கள். அதற்குள் இருந்த மனம்தான் வியப்புக்குரியது. கரையை விட்டுப் போகக் கூடாது என்றால், கரையையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்த மனம் அது.

இந்தத் தடை எல்லாருக்குமானதாக இருந்ததில்லை. 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்த 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து போன 342 பேர் இருந்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகள், அவர்களோடு பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கடல் கடக்கலாமா என்று எந்தச் சபையும் கூடிப் பேசவில்லை. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன குடும்பங்களுக்கும் அப்படியே. உழைக்க வேண்டியவர்களை யாரும் தடுக்கவில்லை. விலக்கி வைக்கும் அளவுக்கு மதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே தடை இருந்தது. பாட்டியின் தயக்கத்தை மதிக்கிறவர்கள் இந்த உண்மையையும் சேர்த்தே மதிக்க வேண்டும்.

தமிழ்க் கரைக்கு இதில் தனக்கென்று ஒரு சொல் உண்டு. தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு நூற்பா வருகிறது. கடல்வழிப் பிரிவில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்பது இளம்பூரணர் வழியில் அதற்குக் கொள்ளப்படும் பொருள்; வேறு பொருள் கொண்ட உரையும் உண்டு. ஆண் கடல் கடப்பதை அது பாவமாக்கவில்லை. பெண் உடன் போவதில்லை என்று மட்டும் குறிக்கிறது. சட்டம் போலன்றி, நாட்டு நடப்பைச் சொல்லும் குரலில் சொல்கிறது. அந்த நடப்பு எத்தனை காலம் நீடித்தது என்பதற்குச் செட்டிநாடு சாட்சி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித்தொழிலுக்குப் போன நகரத்தார் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் போனார்கள். ஆச்சிமார் ஊரிலேயே இருந்தார்கள். போனவர்கள் தண்டாயுதபாணியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. முருகன் கடல் கடந்தான், முற்றத்தில் பிள்ளை வளர்த்த பெண் கடக்கவில்லை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் நீண்ட பட்டாலைகளில் அந்தக் காத்திருப்பின் அகலத்தை இன்றும் நின்று பார்க்கலாம்.

கடலை அஞ்சாமல், நேர்ந்துகொள்ளும் இடமாகப் பார்த்த மரபும் அதே கரையில்தான் இருக்கிறது. நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டு பாய் விரித்த மரைக்காயர்கள் போன இடத்தில் எல்லாம் அவர் பெயரை எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் 1830 அளவில் கட்டப்பட்ட நாகூர் தர்கா அதில் ஒன்று. நாகூரிலிருந்து சற்றுத் தெற்கே வேளாங்கண்ணி. புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. எந்த மதத்தவர் நேர்ந்துகொண்டாலும் கேட்டது ஒன்றுதான்: போனவர் வீடு திரும்ப வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் தடையின் அடியில் கிடப்பது தண்ணீர் இல்லை என்று தோன்றுகிறது. கடல் கடந்தவன் எதையெதை விட்டுப் போனான் என்பதுதான் முன்னோரை உறுத்தியிருக்கிறது. வீட்டு அக்னி அணையும், சந்தி தவறும், அப்பாவின் திதிக்குப் பிள்ளை இருக்க மாட்டான், பெற்றவள் கண்மூடும்போது பக்கத்தில் ஆளிருக்காது. பிறக்கும்போதே பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது தைத்திரீய சம்ஹிதை: ரிஷிகளுக்கு ஓதுதலால், தேவர்களுக்கு வேள்வியால், பித்ருக்களுக்கு மக்கட்பேற்றால் அதை அடைக்க வேண்டும். பித்ரு கடனை அடைக்கப் பிறந்த பிள்ளை இங்கே ஏழு மாதத்தில் தாத்தாவின் மடியில் கால் உதைத்துக்கொண்டிருக்கிறது. கடனைத் தந்தவர்களும் அடைப்பவர்களும் ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் போகிறார்கள் என்றால், யாரும் கரையில் நிற்கவில்லை. ஆகவே பாட்டியின் கேள்விக்கு 'ஏறலாம்' என்பதுதான் பதில். ஆனால் அந்த 'ஏறலாம்' ஒரு நிபந்தனையோடு வருகிறது. கூடப் போகிறவர்களை உண்மையிலேயே கூட்டிப்போக வேண்டும். இந்த இடத்தில் சாஸ்திரம் பயணத் திட்டத்துக்குள் நுழைகிறது.

குழந்தையிலிருந்து தொடங்கலாம். பல கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாத பயணம் என்றால் 12 மாதம் கேட்கிறார்கள். கர்ப்பத்தின் 24ஆம் வாரத்துக்குள் போய்விட்ட பெண்ணையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கரையிலிருந்து தூரம் போனால் இவர்களுக்கான மருத்துவம் கிடைக்காது என்பதே காரணம். மனு ஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பினால் நான்காம் மாதத்தில் குழந்தையை வீட்டுக்கு வெளியே கொண்டுவருவது, ஆறாம் மாதத்தில் சோறூட்டுவது என்று இருக்கிறது. மனுவும் கப்பல்காரரும் ஒருவரையொருவர் அறியார். இருவருமே பச்சை உடம்பைப் பார்த்துத்தான் மாதம் எண்ணியிருக்கிறார்கள். வெளிநாட்டுத் துறைமுகம் தொடும் பயணமானால் குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். தொட்டிலை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். டயப்பர் கட்டிய குழந்தையைப் பல கப்பல்களில் நீச்சல்குளத்தில் இறக்க விடுவதில்லை. குழந்தைக்குக் கடல் குமட்டல் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் தேவையில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது அரிது. வயது ஏற ஏறவும் குறைகிறது. வாந்தி எடுத்துப் படுக்கக்கூடியவர்கள் நடுவிலிருக்கும் மகனும் மருமகளும்தான். அதற்கென விற்கும் சில மாத்திரைகள் முதியவர்களுக்கு மயக்கமும் தடுமாற்றமும் தரக்கூடியவை. டாக்டரைக் கேட்காமல் தாத்தா கையில் கொடுக்கக் கூடாது.

அறை எடுக்கும்போது எல்லாரும் கடல் பார்த்த மேல்தள அறையைத்தான் கேட்பார்கள். முழங்கால் வலியுள்ளவருக்கும் இரவில் எழுந்து பால் குடிக்கும் குழந்தைக்கும் நல்லது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ள அறை. ஆட்டம் அங்கேதான் குறைவு. கைகழுவுவது பாட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் கிருமிநாசினி ஜெல்லுக்கு எளிதில் மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். அவர் வீட்டுச் சட்டமே அதுதானே.

கடினமான இடம் இனித்தான். கப்பல்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடங்கள் பெரும்பாலும் மூன்று வயது நிறைந்து, தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். ஏழு மாதக் குழந்தையை யார் வைத்துக்கொள்வது? இரவு எட்டரைக்கு அரங்கத்தில் ஆட்டம் பாட்டம். மகனும் மருமகளும் கிளம்புகிறார்கள். "அம்மா, ஒரு ரெண்டு மணி நேரம்." மறுநாள் காலை நீச்சல்குளம். "அம்மா, சித்த பார்த்துக்கோ." இரண்டு ராத்திரியில் பாட்டி பார்த்த கடல் அறையின் வட்டக் கண்ணாடி அளவுதான் இருக்கும். நங்கநல்லூரில் செய்ததையே அவர் ஆடும் தரையில் செய்துவிட்டுத் திரும்புவார். மனு ஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயம் தோல் சுருங்கி, மயிர் நரைத்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்த்தவன் வனம் போகலாம் என்கிறது. பேரன் பிறப்பது பொறுப்புகள் இறங்கும் நேரம் என்று ஒரு காலம் கண்டது. நம் காலத்தில் அதே நேரத்தில்தான் பாட்டியின் இடுப்பில் மறுபடியும் பிள்ளை ஏறுகிறது. நியூஜெர்சிக்கும் சிட்னிக்கும் ஆறாறு மாதம் போய்வரும் பாட்டிகள் அங்கே பார்த்ததில் பெரும்பகுதி சமையலறைதான். பேரன்மேல் அவர்களுக்குள்ள ஆசையைக் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த ஆசையே அவர்களை வாய்மூடச் செய்கிறது. இதைத் திட்டமிடும்போதே பேசிவிட வேண்டும். முதல் ராத்திரி பாட்டியும் தாத்தாவும் மேல்தளத்துக்கு, குழந்தை பெற்றவர்களிடம். இரண்டாம் ராத்திரி மாறிக்கொள்ளலாம். தொல்காப்பியம் சொன்ன வழக்கம் மாறி, பெண் கடலில் உடன் போகிறாள் என்றால், அறைக்குள் காவலிருக்கவா போகிறாள்?

ஆசாரத்திலும் ஒருவர் நடை இன்னொருவர் நடையாக இருக்க வேண்டியதில்லை. யூதர்களின் மிஷ்னாவில், எருவின் என்ற பகுதியில், ஒரு கப்பல் நிகழ்ச்சி வருகிறது. இத்தாலியின் பிரிண்டிசியிலிருந்து நான்கு ரபிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஓய்வுநாளில் இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகரக் கூடாது என்பது விதி. கப்பலோ தானாக நகர்கிறது. கமாலியேலும் எலாசார் பென் அசாரியாவும் கப்பல் முழுக்க நடந்தார்கள். யோசுவாவும் அகிவாவும் தங்கள்மேல் கூடுதல் கண்டிப்பை ஏற்றுக்கொண்டு நான்கு முழத்துக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். நடந்தவர்களைக் குற்றம் சொல்லாமலும், நின்றவர்களைப் பெருமைப்படுத்தாமலும் நூல் இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறது. ஐந்து பேர் போகும் கப்பலில் இந்த இடைவெளி அவசியம். தாத்தா வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாட்டைத் தேடிப் போவார். இந்தியத் துறைமுகத்திலிருந்து போகும் கப்பலில் சமண உணவு வைக்கிறார்கள், அது அவருக்குப் போதும். மருமகள் பஃபேயில் எதை எடுத்தாலும் அது அவள் தட்டு. தாத்தாவும் மகனைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது, மகனும் "அப்பா, ஒரு நாள் சாப்பிட்டா என்ன" என்று கேட்கக் கூடாது.

தாத்தாவின் திதிப் பிரச்சினை எளிதில் தீர்ந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் விரல் ஓட்டி, திதி முடிந்து ஐந்து நாள் கழித்து ஒரு தேதியைக் காட்டினார். மகன் அந்தத் தேதியில் அறை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. மாதம் ஆடி, தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொஞ்சம் ஆடும், ஆனால் ஐப்பசி கார்த்திகையின் வங்கக் கடல் புயலுக்கு இது எவ்வளவோ மேல்.

பாட்டிக்கு மிஞ்சியது விளக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாயங்காலம் அவர் விளக்கேற்றாத நாள் குறைவு. சின்னக் காமாட்சி விளக்கை எடுத்துப்போகலாமா என்று கேட்டார். முடியாது. மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, அடுப்பு என்று தீ சம்பந்தப்பட்ட எதையும் கப்பல் அறையில் அனுமதிப்பதில்லை. நடுக்கடலில் தீதான் பெரிய பயம். அக்னியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு காலம் சொன்னது, அக்னியைக் கொண்டுவரக் கூடாது என்று கப்பல் சொல்கிறது. சிறிது நேரம் யோசித்துவிட்டுப் பாட்டி எதிர் ஃபிளாட் மாமியைக் கூப்பிட்டார். இரண்டு நாள் சாயங்காலம் வந்து ஏற்றிவிட்டுப் போக வேண்டும். நல்லெண்ணெய் எந்த அலமாரியில், திரி எந்த டப்பாவில், விளக்கு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று கூடத்தில் நின்று காட்டினார். மாமி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பேஷாப் போயிட்டு வாங்கோ மாமி. ஒரு குறையும் வராது."

பாட்டி உள்ளே வந்து பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் நின்றார். கப்பலின் படத்தை முதல் முறையாகக் கிட்டே போய்ப் பார்த்தார். எத்தனை மாடி என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மகனைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, அது திரும்பிண்டே இருக்குமே, உங்கப்பா சந்தி பண்றதுக்குக் கிழக்கு எதுன்னு யாரைக் கேக்கறது?"